ஒரே அட்டையில் இரு பெயர்கள்: ஃபிரீட்மன் தம்பதியரின் தன்வரலாறு

கவிதையையே பேச்சாகவும் மூச்சாகவும் கொண்ட நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில், பொருளியலாளர் இருவரைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். வட்டியும் விலைவாசியும் நமக்குரிய துறைகள் அல்ல என்பது உண்மையே. எனினும் நினைவு நமக்குரியது. ஒருவர் தம் வாழ்வை எழுத்தில் வைக்கும்போது ‘நான்’ என்றும் ‘நாம்’ என்றும் எந்த உரிமையில் சொல்கிறார் என்ற கேள்வி நமக்குரியது.

தன்வரலாறு இயல்பாகவே ஒருமையில் எழுதப்படும் இலக்கிய வகை. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே நூலில் தம் வாழ்வை எழுதுவது மிக அரிது. இருவரும் ஒரே துறையில் பயின்றவர்களாக இருந்து, ஒருவர் உலகப் புகழ் பெற்றவராகவும் மற்றவர் அப்புகழின் நிழலில் நின்றவராகவும் இருந்துவிட்டால், அந்நூலின் பன்மை யாருடைய பன்மை என்று ஆராயாமல் இருக்க முடியாது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல்தான் உண்டு. தமிழுக்கு இரண்டு உண்டு. கேட்பவரையும் உளப்படுத்துவது ‘நாம்’; கேட்பவரை விலக்கி வைப்பது ‘நாங்கள்’. மில்டன் ஃபிரீட்மனும் ரோஸ் ஃபிரீட்மனும் சேர்ந்து எழுதி, 1998 இல் சிக்காகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘டூ லக்கி பீப்பிள்’ என்னும் அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலைத் தமிழ் அறிந்தவர் ஒருவர் படிக்கும்போது, எந்த இடத்தில் ‘நாம்’ ஒலிக்கிறது, எந்த இடத்தில் ‘நாங்கள்’ ஒலிக்கிறது என்று பிரித்துக் கேட்க முடிகிறது. என்னைப் பொறுத்தவரை அந்நூலைப் படிப்பதன் பெரும்பயன் இதுவே.

இப்படியொரு நூலின் அருமை விளங்க வேண்டுமாயின், அதற்கு முன் வாழ்ந்த இரு தம்பதியரை நினைவுகூர வேண்டும்.

முதலாவது இணையர் கேம்பிரிட்ஜின் மார்ஷல் தம்பதியர். மேரி பேலி 1871 இல் கேம்பிரிட்ஜுக்குப் பயில வந்த முதல் ஐந்து பெண்களுள் ஒருவர். பின்னாளில் நியூனம் கல்லூரியாக வளர்ந்தது அவர்கள் தங்கிய இல்லமே. 1874 இல் ஆண்கள் எழுதிய அதே தேர்வை எழுதினார். பெண் என்பதால் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. விரிவுரையாளர்களுக்கு உதவும் எளிய பொருளியல் நூல் ஒன்றை எழுதித் தரும்படி கேட்கப்பட்டவர் மேரியே. 1877 இல் அவர் ஆல்ஃபிரட் மார்ஷலை மணந்தார். நூல் 1879 இல் இருவர் பெயரிலும் வெளிவந்தது. பிறகு நடந்தது துயரமானது. ஆல்ஃபிரட் அந்நூலை விரும்பாதவரானார். அதை மறுபதிப்பின்றி மறைய விட்டார். 1892 இல் ஏறக்குறைய அதே தலைப்புடன் தம் பெயரை மட்டும் தாங்கிய வேறொரு நூலை அதன் இடத்தில் வைத்தார். பெண்களுக்குப் பட்டம் தருவது பற்றிய வழக்கு 1890களில் கேம்பிரிட்ஜில் மூண்டபோது, எதிர்த்து நின்றோர் அணியில் அவரும் இருந்தார். 1924 இல் ஆல்ஃபிரட் மறைந்த பின் மேரி ஏறத்தாழ இருபது ஆண்டுகள், கணவர் பெயரால் அமைந்த நூலகத்தில் ஊதியமின்றிப் பணியாற்றினார். அவருடைய சிறிய நினைவு நூல் அவர் இறந்து மூன்றாண்டுகள் கழித்து 1947 இல் வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் அளிக்க முன்வந்தது 1948 இல். தம் கணவரைப் பற்றிக் கசப்பான சொல் எதையும் மேரி அந்நூலில் எழுதிவைக்கவில்லை. அந்த மௌனத்தை நிறைவு என்று கொள்வதா, அடக்கம் என்று கொள்வதா என்பது படிப்பவர் மனத்தைப் பொறுத்தது.

இரண்டாவது இணையர் இலண்டனின் வெப் தம்பதியர். பீட்ரிஸ் பாட்டரும் சிட்னி வெப்பும் 1892 இல் மணந்தனர். தொழிற்சங்க வரலாறு 1894 இல், இலண்டன் பொருளியல் கல்லூரி 1895 இல், ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ வார இதழ் 1913 இல் என்று அவர்கள் கூட்டு உழைப்பின் பயன்கள் வரிசையாக வந்தன. இங்கே நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1929 இல் சிட்னிக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தபோது, அப்பட்டத்தால் தமக்கு வரும் பெயரை ஏற்க மறுத்துத் திருமதி வெப்பாகவே இருந்தவர் பீட்ரிஸ். ஆயினும் ‘எங்கள் கூட்டாண்மை’ என்று பொருள்படும் தலைப்பில் 1948 இல், இருவரும் மறைந்த பின் வெளிவந்த வரலாறு, பீட்ரிஸின் நாட்குறிப்பிலிருந்து அவர் ஒருவரே நெய்த நூல். தலைப்பில் இருவர், எழுதுகோல் ஒன்று. சிட்னி என்ன நினைத்தார் என்பதை அவர் வாயால் கேட்க வழியில்லை.

வெப் தம்பதியரின் பன்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சோவியத் நாட்டைப் பார்த்துவந்து 1935 இல் அவர்கள் வெளியிட்ட பெருநூலின் தலைப்பு, இது ஒரு புதிய நாகரிகமோ என்று கேள்விக்குறியுடன் முடிந்தது. 1937 இன் இரண்டாம் பதிப்பில் அக்கேள்விக்குறி எடுக்கப்பட்டுவிட்டது. உக்ரைனில் 1932-33 இல் பட்டினியால் இலட்சக்கணக்கானோர் மாண்டிருந்தனர். மாஸ்கோவில் வழக்கு நாடகங்கள் நடந்துகொண்டிருந்தன. கூரிய அறிவுடைய இருவர், ஒருவரை ஒருவர் ஐயுறாத ஒற்றுமையில், ஒரே திசையை நோக்கி நின்றால் கண்முன் இருப்பதும் மறைந்துபோகலாம் என்பதற்கு, எடுத்தெறியப்பட்ட அந்தக் கேள்விக்குறியை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வகையில் மூன்றாவதாக வருபவர்கள் ஃபிரீட்மன் தம்பதியர். கொள்கையில் வெப் தம்பதியருக்கு நேர் எதிர்த் துருவம். அரசு எதையெல்லாம் செய்ய வேண்டும் என்று எழுதித் தீராதவர்கள் அவர்கள். அரசு எதையெல்லாம் செய்யக் கூடாது என்று எழுதித் தீராதவர்கள் இவர்கள்.

மில்டன் 1912 ஜூலை 31 இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். (‘துறக்க நீக்கம்’ பாடிய மில்டனை நினைத்துக்கொள்ளும் நம் கவிஞர்கள் மன்னிக்க.) பெற்றோர் அன்றைய அங்கேரி நாட்டின் பகுதியாய் இருந்த பெரேக்சாஸ் என்னும் ஊரிலிருந்து குடியேறிய யூதர்கள். அந்த ஊர் இன்று உக்ரைனில் உள்ளது. தாய் குடியேறிய புதிதில் தையற்கூடத்தில் வேலை செய்தவர். பின்னர் நியூ ஜெர்சியின் ராவே என்னும் சிற்றூரில் சிறிய கடை ஒன்றை நடத்தினார். மில்டன் பள்ளிப்படிப்பை முடிக்கும் முன்பே தந்தை இறந்தார். ரோஸ் டைரக்டர் பிறந்ததும் இன்றைய உக்ரைனில்தான். அன்று ருஷ்யப் பேரரசைச் சேர்ந்த ஸ்தாரி சோர்த்தோரிஸ்க் என்னும் சிற்றூரில். அவருடைய பிறப்புப் பதிவு தொலைந்துவிட்டதால், அவர் பிறந்த நாள் இன்னதென உறுதியாகத் தெரியாது. முதல் உலகப்போர் மூள்வதற்குச் சற்று முன் அவர் குடும்பம் அமெரிக்காவின் மேற்குக் கோடியில் உள்ள போர்ட்லாந்தை அடைந்தது. இன்னும் சில மாதங்கள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இருபதாம் நூற்றாண்டு வரலாறு அறிந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

1932 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஜேகப் வைனர் என்னும் ஆசிரியரின் விலைக் கோட்பாட்டு வகுப்பு. மாணவர்களைக் குடும்பப் பெயரின் அகர வரிசைப்படி அமர்த்துவது அவர் வழக்கம். டைரக்டர் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஃபிரீட்மன் என்ற பெயர் வந்தது. எழுபது ஆண்டுத் துணைக்கு வித்து அதுவே. உடனே மணம் முடிந்துவிடவில்லை. பெருமந்தத்தின் காலம், பிழைப்புக்கு வழி தெரியாமல் குடும்பம் தொடங்க இருவரும் அஞ்சினர். 1938 ஜூன் மாதம்தான் திருமணம் நடந்தது. நூலின் தலைப்பு இந்த இடத்தில் பொருள் பெறுகிறது. மனிதனின் நல்வாழ்வு அவன் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையில் உள்ளது என்பதை ஆயுள் முழுவதும் போதித்தவர்கள், தம் வாழ்வுக்குப் பெயரிட நேர்ந்தபோது தேர்வு என்ற சொல்லை எடுக்கவில்லை. நற்பேறு என்ற சொல்லையே எடுத்தனர். ஊழுக்கு ஓர் அதிகாரத்தையும், ஆள்வினைக்கும் ஓர் அதிகாரத்தையும் ஒதுக்கிய வள்ளுவரைப் படித்து வளர்ந்த நமக்கு இதில் முரண் ஏதும் தோன்றாமல் போகலாம். ஆனால் அவர்களுடைய பொருளியலுக்குள் ஊழுக்கு இடம் மிகக் குறைவு. அகர வரிசை வேறாக இருந்தவர்களுக்கு, கப்பல் ஏறத் தாமதித்தவர்களுக்கு அந்தப் பொருளியல் என்ன சொல்கிறது என்று நூல் கேட்பதில்லை.

நூலின் அமைப்பு எளிமையானது. பேசுபவர் மில்டனா, ரோஸா என்பது பெயரிட்டுக் காட்டப்படுகிறது. பெரும்பாலும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்குகிறார். குடும்பம், வீடு, இடமாற்றம், முதல் குழந்தையைப் பிறப்பிலேயே இழந்த துயரம் ஆகியவை ரோஸின் குரலில் உயிர்பெறுகின்றன. நிறுவனங்களும் வாதங்களும் மில்டனின் குரலில் வருகின்றன. ரோஸுக்கு இது புதிய முயற்சியும் அல்ல. 1976-77 இல் ‘ஓரியண்டல் எகானமிஸ்ட்’ என்னும் சப்பானிய இதழில், கணவரும் உடன் உழைப்பாளருமான மில்டனைப் பற்றித் தொடர் ஒன்றை அவர் எழுதியிருந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் வேலைப் பிரிவினை தெளிவாக இருக்கிறது: அறிவு அவருக்கு, அடுப்பு இவருக்கு. இப்படிப் படிப்பவர் நூலின் நடுப்பொருளைத் தவறவிட்டுவிடுவார்.

ரோஸ் பொருளியல் அறியாத மனைவி அல்லர். அவருடைய தமையன் ஆரன் டைரக்டர் சிக்காகோவில் பெயர்பெற்ற பொருளியலாளர். ரோஸ் அங்கு ஃபிராங்க் நைட் என்னும் பேராசிரியருக்கு ஆய்வு உதவியாளராக இருந்தார். மூலதனக் கோட்பாட்டின் வரலாற்றை எடுத்துக்கொண்டு முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியவர், அதை முடிக்கவில்லை. 1930களில் அமெரிக்க அரசு குடும்பங்களின் வரவு செலவைப் பற்றி நாடளாவிய ஆய்வு நடத்தியபோது, வாஷிங்டனில் அத்தகைய பணிகளில் ஈடுபட்டார். ஆயிரக்கணக்கான வீடுகளில் அரிசிக்கும் வாடகைக்கும் துணிக்கும் எவ்வளவு போகிறது என்று கணக்கெடுக்கும் வேலை அது. நம் ஊரில் அரிசி. அங்கே ரொட்டி என்று வைத்துக்கொள்வோம்.

அக்கணக்குகளில் ஒரு புதிர் இருந்தது. ஒரு குறிப்பிட்ட ஆண்டில் பார்த்தால், பணக்காரக் குடும்பம் வருமானத்தில் பெரும்பங்கைச் சேமிக்கிறது. ஏழைக் குடும்பம் கடன் வாங்குகிறது. அப்படியானால் நாடு வளம் பெறப் பெறச் சேமிப்பின் விகிதம் கூடிக்கொண்டே போக வேண்டும். நீண்ட காலக் கணக்குகளைப் பார்த்தால் அப்படிக் கூடவில்லை. டாரதி பிரேடி என்னும் பொருளியல் அறிஞரும் ரோஸும் சேர்ந்து 1947 இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு விடை சொன்னது. ஒரு குடும்பம் எவ்வளவு சேமிக்கிறது என்பது அதன் வருமானத் தொகையை மட்டும் பொறுத்ததன்று. தன்னைச் சூழ்ந்த சமூகத்தின் வருமான ஏணியில் அது எந்தப் படியில் நிற்கிறது என்பதையும் பொறுத்தது. ஒரே தொகை சம்பாதிக்கும் இரு குடும்பங்களுள், வசதி மிக்க நகரத்தில் இருப்பது செலவழிக்கும். வசதி குறைந்த சிற்றூரில் இருப்பது சேமிக்கும். பெரிய தெருவுக்குக் குடிபோன நடுத்தரக் குடும்பங்களை நாம் அறிவோம். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பத்தாண்டுகள் கழித்து, 1957 இல், மில்டன் தம் மிகச் சிறந்த ஆய்வு நூலாகப் பலரும் கருதும் நுகர்வுக் கோட்பாட்டு நூலை வெளியிட்டார். அதன் சாரம் இது: மக்கள் இந்த மாத வருமானத்தைப் பார்த்துச் செலவு செய்வதில்லை, பல ஆண்டுகளில் தமக்கு நிலையாக வரும் என்று எதிர்பார்ப்பதைப் பார்த்தே செலவு செய்கிறார்கள். அறுவடை கண்ட உழவன் அந்த மாதமே அத்தனையையும் தின்று தீர்ப்பதில்லை. மழை பொய்த்த ஆண்டில் உண்ணாமல் இருப்பதும் இல்லை. ஆகவே ஓராண்டுக் கணக்கு ஏமாற்றும். இந்நூலின் முன்னுரையில் மில்டன், இக்கருத்து டாரதி பிரேடி, மார்கரெட் ரீட், தம் மனைவி ரோஸ் ஆகியோருடன் நடந்த உரையாடல்களிலிருந்து வளர்ந்தது என்றும், எழுதியவர் தாமாயினும் விளைவு அக்குழுவினருடையது என்றும் ஒப்புக்கொள்கிறார். கோடை விடுமுறையில் கணப்பருகே அமர்ந்து நுகர்வுக் கணக்குகளைப் பற்றி மூன்று பெண்களும் ஓர் ஆணும் பேசியதில் பிறந்த கோட்பாடு அது. 1976 இல் மில்டனுக்குப் பொருளியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அறிவிப்பில் முதலாவதாகக் குறிக்கப்பட்ட துறை நுகர்வுப் பகுப்பாய்வு. இரண்டாவது, பண வரலாறும் கோட்பாடும். அந்த வரலாற்று நூலின் அட்டையில் அன்னா ஷ்வார்ட்ஸ் என்ற இன்னொரு பெண்ணின் பெயர் மில்டன் பெயரோடு 1963 முதலே இருந்தது. பரிசு ஒருவருக்கே. மில்டன் கடனை மறைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. முன்னுரையில் எழுதியே வைத்தார். ஆனால் முன்னுரைகளை யார் படிக்கிறார்கள்?

இனி அட்டைகளைப் பார்ப்போம். 1956 இல் வாபாஷ் கல்லூரியில் மில்டன் ஆற்றிய உரைகளை ஒட்டி அமைந்தது ‘முதலாளியமும் சுதந்திரமும்’ என்னும் நூல். உரைகளைத் திரட்டி, வெட்டி, இணைத்து, எழுதும் மொழியாக்கியவர் ரோஸ். 1962 இல் வெளிவந்தபோது, ஆசிரியர் மில்டன், ‘ரோஸ் டி. ஃபிரீட்மன் உதவியுடன்’ என்று அதன்கீழ் ஒரு வரி. அந்நூலின் வருவாயைக் கொண்டு வெர்மாண்ட் மாநில மலைப்பகுதியில் ஒரு வீடு கட்டினார்கள். நூல் தலைப்பின் ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி வீட்டுக்குக் ‘கேப்பிடாஃப்’ என்று பெயர் வைத்தார்கள். வீட்டுப் பெயரில் ‘உதவியுடன்’ என்ற வரிக்கு இடமில்லை. அது இருவர் வீடு.

1980 இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் பத்துப் பகுதிகளாக ‘ஃப்ரீ டு சூஸ்’ ஒளிபரப்பானது. எழுதிவைத்துப் படிக்க மாட்டேன் என்று மில்டன் உறுதியாக இருந்ததால், அவர் காமிரா முன் பேசியதே மூலம் ஆயிற்று. அப்பேச்சுகளிலிருந்து உருவாகி, அவ்வாண்டில் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற நூல்களுள் ஒன்றான அதே பெயர் கொண்ட புத்தகத்தின் அட்டையில்தான் முதன்முதலாக இரு பெயர்களும் சரிசமமாக நின்றன. ‘உதவியுடன்’ என்பது ‘மற்றும்’ என்றாக 18 ஆண்டுகள் ஆயின. மேரி மார்ஷலின் பெயர் இரண்டிலிருந்து ஒன்றுமில்லாமல் போனது. ரோஸின் பெயர் ஒரு வரியிலிருந்து பாதியாக வளர்ந்தது. முடிக்காத ஆய்வேட்டையும் நடத்தாத வகுப்புகளையும் பற்றி ரோஸ் தன்வரலாற்றில் வருந்துவதில்லை. கணவருடன் போட்டியிட விரும்பியதில்லை என்ற தொனியே அவருடைய பக்கங்களில் மேலோங்கி நிற்கிறது. அவர் சொல்வதை நான் ஐயுறவில்லை. ஆனால் 1947 இன் கட்டுரையைப் படித்தவர்கள், பொருளியல் எதையோ இழந்தது என்று வருந்த உரிமை உடையவர்கள்.

‘நாம்’ மிகத் தெளிவாக ஒலிக்கும் இடம் ஒன்றுண்டு. அது ஒரு சண்டை. 1941 முதல் 1943 வரை மில்டன் அமெரிக்க நிதித்துறையின் வரி ஆய்வுப் பிரிவில் பணியாற்றினார். போர்ச்செலவுக்குப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. ஆண்டு முடிந்த பின் மக்கள் தாமாகச் செலுத்திவந்த வருமான வரியை, சம்பளம் கைக்கு வரும் முன்பே பிடித்தம் செய்யும் முறை அப்போது உருவாக்கப்பட்டது. 1943 இல் சட்டமாயிற்று. அதை வகுத்தவர்களுள் மில்டனும் ஒருவர். சம்பளச் சீட்டில் பிடித்தம் என்ற பத்தியைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நண்பர்கள் நம்மிடையே உண்டு; அமெரிக்கரும் அப்படியே. வலி தெரியாமல் வரி வாங்கும் வழி கிடைத்ததால்தான் அரசு இவ்வளவு பெருத்தது என்பது பின்னாளில் அவ்விருவரின் நம்பிக்கை. அரசைச் சுருக்க வேண்டும் என்று உலகெங்கும் பேசியவரே அரசு பெருக்க வாய்க்கால் வெட்டியவர்! இதை எதிராளிகள் சொல்லவில்லை. வீட்டிலேயே ரோஸ் பல்லாண்டுகள் சொல்லிக்காட்டினார் என்பதை நூல் பதிவு செய்கிறது. மில்டன் போர்க்கால நெருக்கடியைக் காரணமாகக் காட்டுகிறார். வேறு வழி அன்று இல்லை என்கிறார். ரோஸ் சமாதானம் அடைவதில்லை. இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் பேசுகிறார்கள். நாம் திண்ணையில் அமர்ந்து கேட்கிறோம். நூலை எழுதுபவர் ஒருவராக இருந்தால் இந்தப் பக்கம் தன்னிரக்கமாகவோ தன்னியல் நியாயமாகவோ முடிந்திருக்கும். இருவராக இருப்பதால் கேள்விக்குறி எடுக்கப்படாமல் நிற்கிறது.

நம் நாட்டோடு அவர்களுக்கு ஏற்பட்ட தொடர்பையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1955 இல், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் உருவாகிக்கொண்டிருந்தபோது, மில்டன் புதுதில்லியில் நிதியமைச்சகத்துக்கு ஆலோசகராக வந்தார். அவர் அளித்த குறிப்பு, ஒரு முனையில் கனரகத் தொழிலுக்கும் மறு முனையில் கைத்தொழிலுக்கும் பணத்தைக் கொட்டி, இடையில் உள்ள சிறு, நடுத்தரத் தொழில்களை வாடவிடுவதாகத் திட்டத்தைக் குறைகூறியது. மனிதர்களின் கல்வியிலும் திறனிலும் முதலிடுவதே பெரிது என்றது. மகலனோபிஸின் செல்வாக்கு உச்சத்தில் இருந்த காலத்தில் அதற்குச் செவிசாய்ப்போர் இல்லை. அதே ஆண்டில் திட்டத்துக்கு மறுப்புக் குறிப்பு எழுதிய பி. ஆர். ஷெனாய் நம் நாட்டவரே. அவருக்கும் அதே கதி. 1955 ஆம் ஆண்டுக் குறிப்பு நூலொன்றில் அச்சேறியது 1992 இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் நாடு பொருளாதாரப் பாதையை மாற்றியிருந்தது. ‘ஃப்ரீ டு சூஸ்’ நூலில் மெய்ஜி காலச் சப்பானையும் விடுதலை பெற்ற இந்தியாவையும் அவர்கள் ஒப்பிட்ட பக்கங்கள் உண்டு. கைத்தறிக்கு அரசு அளித்த பாதுகாப்பு அங்கே கடுமையாக விமர்சிக்கப்படுகிறது. தறியோசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அப்பக்கங்கள் எளிதில் செரிக்கா. ஒரு தறி நிற்கும்போது கணக்கேட்டில் வராத எவையெல்லாம் நிற்கின்றன என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தறியை நிற்கவிடாமல் காத்த சட்டமே நெசவாளியை வறுமையிலும் காத்து வைத்தது என்ற அவர்கள் வாதத்துக்கு நம்மிடமும் எளிய மறுமொழி இல்லை.

‘நாங்கள்’ உரத்து ஒலிக்கும் இடம் சிலி. 1973 செப்டம்பர் 11 இல் அந்நாட்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைப் படைத்தலைவர் பினோசே கவிழ்த்தார். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர், காணாமற்போயினர், வதைக்கப்பட்டனர். நம்மிடையே பலர் போற்றும் பாப்லோ நெருடா இறந்தது அந்த மாதத்தில்தான். சிக்காகோவில் பயின்று திரும்பிய சிலி நாட்டுப் பொருளியலாளர்கள் புதிய அரசில் பொறுப்பேற்றனர். 1975 மார்ச்சில் மில்டன் ஆறு நாள் பயணமாகச் சென்றார். சர்வாதிகாரியைச் சந்தித்து முக்கால் மணி நேரம் போலப் பேசினார். ஏப்ரலில் அவருக்குக் கடிதம் எழுதினார். பணவீக்கத்தை அடக்க, அரசுச் செலவை ஆறு மாதத்துக்குள் 25 சதவீதம் குறைக்கச் சொன்னது அக்கடிதம். 1976 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பரிசு வாங்கும்போது அரங்குக்குள் ஒருவர் எழுந்து முழக்கமிட்டார். வெளியே கண்டன ஊர்வலம் நடந்தது. அதன் பிறகு பல்லாண்டுகள் அவர் சென்ற இடமெல்லாம் எதிர்ப்பாளர்கள் தொடர்ந்தனர்.

தன்வரலாறு இதை மறைக்கவில்லை. கடிதத்தையே பின்னிணைப்பாக அச்சிட்டிருக்கிறது; அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். கொள்ளைநோய் பரவிய நாட்டுக்கு மருத்துவர் ஆலோசனை சொல்வது போன்றதே தம் செயல் என்பது மில்டனின் வாதம். சிலியின் சிறப்புப் பட்டங்களை மறுத்ததையும், அங்கேயே சுதந்திரத்தின் நொய்ம்மை பற்றி உரையாற்றியதையும் சுட்டுகிறார். பின்னாளில் பொதுவுடைமைச் சீனாவுக்குச் சென்று அதே ஆலோசனைகளைச் சொன்னபோது ஊர்வலம் ஏன் வரவில்லை என்று கேட்கிறார். கேள்வி நியாயமானது. ஆனால் பின்னிணைப்பில் உள்ள கடிதத்தைப் படிப்பவர் கண்ணில் படுவது வேறு: அது பணம், செலவு, வேலை ஆகியவற்றைப் பேசுகிறது, சிறைகளைப் பேசவில்லை. வரிப் பிடித்தத்துக்காகக் கணவரை மன்னிக்காத ரோஸ், இங்கே கணவரின் எதிரில் நிற்கவில்லை, பக்கத்தில் நிற்கிறார். ஊரே கல்லெறிந்தபோது துணை நின்ற மனைவியை யார் குறைகூற முடியும்? வாழ்வில் அது பெருங்குணம். நூலில் அது இழப்பு. எதிர்க்கேள்வி கேட்கத் தெரிந்த ஒரே குரல் அடங்கிவிட்டதால், இருவர் எழுதிய நூல் அந்த அதிகாரத்தில் ஒருவர் எழுதிய நூலாகிவிடுகிறது. வெப் தம்பதியர் மாஸ்கோவில் இழந்ததை இவர்கள் சாந்தியாகோவில் இழந்தார்கள் என்று சொன்னால் இரு தரப்பு அன்பர்களும் சினம் கொள்வர். அளவில் வேறுபாடு உண்டு. புகழ்நூல் எழுதியவர்கள் அல்லர் இவர்கள். ஆயினும் பன்மையின் சுவர் இரு இடத்திலும் ஒரே வகையான செங்கல்லால் கட்டப்பட்டது.

மில்டன் 2006 நவம்பர் 16 இல் சான் பிரான்சிஸ்கோவில் மறைந்தார். ரோஸ் 2009 ஆகஸ்ட் 18 வரை வாழ்ந்தார். பெற்றோர் தம் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தாமே தேர்ந்துகொள்ள வேண்டும் என்ற கொள்கைக்காக, இருவர் பெயரையும் தாங்கிய அறக்கட்டளை ஒன்றை அவர்கள் 1996 இல் நிறுவியிருந்தனர். தாங்கள் இல்லாத காலத்தில், தாங்கள் சொல்லாததையெல்லாம் தங்கள் பெயரால் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால், காலம் வரும்போது பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். 2016 இல் அந்த அமைப்பு தன் பெயரை மாற்றிக்கொண்டது. இரு பெயர்களும் ஒரே நாளில், ஒன்றாகவே எடுக்கப்பட்டன.